எண்ணெயைத் தெரிந்துகொள்வோம், கடலையைக் காய வைப்போம்



இன்றைக்கு நான் பேசப் போவது எண்ணெயைப் பற்றி. பக்கத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். பேச்சில் பாதி அவர்களுக்கு, மீதிப் பாதி உங்களுக்கு. அந்த மீதிப் பாதியில் குடும்பத்தின் ஆரோக்கியத்தைத் தொடுகிற சங்கதி ஒன்று இருக்கிறது. அதனால் கடைசி வரைக்கும் கேட்க வேண்டும்.

திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமம். கடலை அறுவடை நடந்துகொண்டிருந்தது. நம்ம பக்கத்தில் மணிலா என்போம், மல்லாட்டை என்போம். தெற்கே போனால் நிலக்கடலை. செடியைப் பிடுங்கிப் போட்டு, வீட்டோடு உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஆறாம் வகுப்புப் படிக்கிற பையன் ஒருவன் என்னைப் பார்த்து, “சார், கடலைய வாயில போட்டு மென்னா எண்ணெயே தெரியல. செக்குல போட்டா மட்டும் எப்படி சார் அவ்வளவு எண்ணெய் கொட்டுது? அது எங்க இருந்து வருது?” என்று கேட்டான். அவன் அப்பா, “போடா, வேலையைப் பாரு, பெரிய கேள்வி கேட்க வந்துட்டான்” என்று அதட்டினார். “அதட்டாதீங்க அண்ணே, நல்ல கேள்விதான் கேட்கிறான்” என்று சொல்லிவிட்டு அங்கேயே களத்து ஓரமாக உட்கார்ந்தேன். அந்தக் களத்தில் காய்கள் இரண்டு குவியலாகக் கிடந்தன. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் பையனின் கேள்விக்கு வருவோம்.

வித்துக்குக் கட்டிக் கொடுத்த சோறு

பிள்ளைகளே, ஒரு கடலைப் பருப்பை எடுத்து இரண்டாகப் பிளந்து பாருங்கள். ஒரு முனையில் சின்ன மூக்கு மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் குட்டிச் செடி, தூங்கிக்கொண்டிருக்கிறது. மற்ற இரண்டு பாதியும் அந்தக் குட்டிச் செடிக்குத் தாய்ச்செடி கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு. விதை மண்ணில் விழுந்து, முளை விட்டு, மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, பச்சை இலை விரித்து வெயிலில் தானே உணவு தயாரிக்கிற வரைக்கும் இந்தக் கட்டுச்சோற்றைச் சாப்பிட்டுத்தான் அது பிழைக்க வேண்டும்.

நெல்லும் சோளமும் இந்தச் சோற்றைப் பெரும்பாலும் மாவாகக் கட்டிக் கொடுக்கின்றன. எள்ளும் கடலையும் ஆமணக்கும் எண்ணெயாகக் கட்டிக் கொடுக்கின்றன. எண்ணெயாக வைப்பதில் ஒரு லாபம் உண்டு. 1 கிராம் மாவுப்பொருளில் 4 கலோரி சக்தி கிடைக்கிறது என்றால், 1 கிராம் எண்ணெயில் 9 கலோரி கிடைக்கிறது. சின்னப் பையில் நிறையச் சாமான் அடைக்கிற மாதிரிதான். எள் எவ்வளவு சின்ன வித்து! அதற்குள்ளே செடி பிழைத்து எழுகிற அளவுக்கு உணவு அடங்கியிருக்கிறது என்றால் அது எண்ணெயாக இருப்பதால்தான்.

எந்த வித்தில் எவ்வளவு எண்ணெய்? 100 கிலோ எள்ளில் ஏறக்குறைய 50 கிலோ எண்ணெய் இருக்கிறது. கடலைப் பருப்பில் 45 முதல் 50 கிலோ. ஆமணக்கு விதையிலும் கிட்டத்தட்ட அதே அளவு. நன்றாகக் காய்ந்த கொப்பரையில் 65 கிலோ வரை உண்டு. சோயா மொச்சையிலும் பருத்தி விதையிலும் 20 கிலோ அளவுதான். நாம் மாட்டுக்குப் போடுகிறோமே அரிசித் தவிடு, அதிலும் 15 முதல் 20 கிலோ எண்ணெய் இருக்கிறது.

அப்படியானால் மெல்லும்போது ஏன் கொட்டவில்லை? வித்துக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான சிறு அறைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அறையிலும் பொடிப்பொடித் துளியாக எண்ணெய் அடைபட்டிருக்கிறது. பல் சில அறைகளைத்தான் உடைக்கும். செக்கு உலக்கையின் பாரமும், உரசுவதால் வருகிற சூடும் சேர்ந்துதான் எல்லா அறையையும் உடைத்துத் துளிகளை ஒன்று சேர்க்கின்றன.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு வெள்ளைத் தாளில் ஒரு கடலையை வைத்து நசுக்குங்கள். பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். இரண்டு இடமும் நனைந்த மாதிரி இருக்கும். அரை மணி கழித்துப் பாருங்கள். தண்ணீர்க் கறை மறைந்திருக்கும். எண்ணெய்க் கறை அப்படியே நிற்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்த இடம் கண்ணாடி மாதிரி ஒளி விடும். தண்ணீர் ஆவியாகப் போய்விடுகிறது, எண்ணெய் போவதில்லை. எந்த வித்தில் எண்ணெய் இருக்கிறது என்று கண்டுபிடிக்க இதுவே போதும். நெல், உளுந்து, வேப்பங்கொட்டை என்று ஒவ்வொன்றாக நசுக்கிப் பாருங்கள்.

ஒவ்வோர் எண்ணெய்க்கும் ஒரு குணம்

எள்ளின் நெய்தான் எண்ணெய். எள் நெய் என்ற இரண்டு சொல்லும் சேர்ந்து எண்ணெய் ஆனது. பிறகு எல்லா வித்தின் நெய்க்கும் அதே பெயர் வந்துவிட, எள்ளின் எண்ணெய்க்கு நல்லெண்ணெய் என்று தனிப்பெயர் நின்றது. பெயருக்கு ஏற்ற குணமும் அதற்கு உண்டு. நல்லெண்ணெயில் செசமால் போன்ற சில பொருள்கள் இயற்கையாகவே இருக்கின்றன. அவை எண்ணெய் சீக்கிரம் காறிப் போகாமல் காக்கின்றன. ஊறுகாய்க்கும் மிளகாய்ப் பொடிக்கும் நம் வீட்டுப் பெண்கள் நல்லெண்ணெயைத் தேடுவதில் ருசி மட்டும் காரணமில்லை, கெடாமல் இருக்கும் என்ற அனுபவமும் இருக்கிறது.

தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறைந்து வெள்ளையாக நிற்கும். உடனே சிலர் கலப்படம் என்று சந்தேகப்படுகிறார்கள். அது கலப்படமல்ல. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி வெப்பத்துக்குக் கீழே போனால் உறைவது அதன் இயல்பு. கடலை எண்ணெய் உறைய அதைவிட மிக அதிகக் குளிர் வேண்டும்.

விளக்கெண்ணெய் என்கிற ஆமணக்கு எண்ணெய் எல்லாவற்றிலும் கெட்டியானது. சூட்டிலும் அவ்வளவு எளிதில் இளகி ஓடாது. இந்தக் குணத்துக்காகவே 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் ஆகாய விமானங்களின் சுழல் இயந்திரங்களுக்கு ஆமணக்கு எண்ணெயை மசகாக ஊற்றினார்கள். நம்ம வேலியோரம் நிற்கிற செடியின் எண்ணெய் விமானம் ஓட்டியிருக்கிறது! இன்றைக்கும் சோப்பு, வண்ணப்பூச்சு, மசகு என்று பல தொழில்களுக்கு அது போகிறது. உலகத்திலேயே அதிகமாக ஆமணக்கு விளைவிப்பது நம் நாடு. அதிலும் குஜராத்துக்குத்தான் பெரிய பங்கு.

கடலை எண்ணெய்க்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்தில் ஓர் உலகப் பொருட்காட்சி நடந்தது. அங்கே ஒரு டீசல் இயந்திரத்தைக் கடலை எண்ணெய் ஊற்றி ஓட்டிக் காட்டினார்கள். இயந்திரம் அவ்வளவு சீராக ஓடியதாம்; எண்ணெய் மாறியது ஒரு சிலருக்குத்தான் தெரிந்ததாம். இந்த இயந்திரத்தைக் கண்டுபிடித்த ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளரே இதைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். நம்ம பம்பு செட்டுக்கு அவர் பெயர்தான் இன்னும் நிற்கிறது.

மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல் இவையும் எண்ணெய்தானே என்று பிள்ளைகள் கேட்கலாம். அவை வித்திலிருந்து வருவதில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னே கடலில் வாழ்ந்த மிகச் சிறு உயிர்கள் சேற்றில் புதைந்து, பூமியின் அழுத்தத்திலும் சூட்டிலும் மாறி உண்டானவை. நம் காவிரிப் படுகையில் நரிமணத்திலும் அப்படி எண்ணெய் எடுக்கிறார்கள். பார்வைக்கு ஒன்று போல இருந்தாலும் குணம் வேறு. வித்து எண்ணெயில் காரம் சேர்த்தால் சோப்பு ஆகும், மண்ணெண்ணெயில் ஆகாது. வித்து எண்ணெய் நமக்கு உணவு. மண்ணெண்ணெய் வயிற்றுக்குள் போனால் ஆபத்து. மண்ணெண்ணெயையும் டீசலையும் சமையல் எண்ணெய்ப் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள்.

எண்ணெயும் தண்ணீரும்

எண்ணெய் தண்ணீரில் மிதக்கும். காரணம், அது தண்ணீரைவிட லேசு. 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ எடை. 1 லிட்டர் கடலை எண்ணெய் ஏறக்குறைய 910 முதல் 920 கிராம்தான். ஆகவே கிலோ விலையும் லிட்டர் விலையும் ஒன்றல்ல. எண்ணெய் வாங்கும்போதும் விற்கும்போதும் எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காய்ந்த எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் ஏன் அப்படித் தெறிக்கிறது? தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகிவிடும். வடை சுடுகிற எண்ணெய் 170, 180 டிகிரியில் இருக்கும். தண்ணீர் கனமானதால் அடியில் இறங்கும். இறங்கிய உடனே ஆவியாகி மேலே இருக்கிற எண்ணெயைத் தூக்கி எறியும். இதனால்தான் எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் எரிகிற எண்ணெய் வீடெல்லாம் தெறிக்கும். அடுப்பை அணைத்து, சட்டியின் மேல் ஒரு தட்டைப் போட்டு மூடிவிடுங்கள். காற்று இல்லாவிட்டால் தீ அடங்கிவிடும். பிள்ளைகளே, இதை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெயும் தண்ணீரும் தானாகச் சேராது. நடுவிலே ஒரு தரகர் வேண்டும். அந்தத் தரகர்தான் சோப்பு. அதன் ஒரு பக்கம் எண்ணெயைப் பிடிக்கும், மறு பக்கம் தண்ணீரைப் பிடிக்கும். கைப் பிசுக்குப் போவதும் இப்படித்தான். பயிருக்கு வேப்பெண்ணெய் தெளிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி வேப்பெண்ணெய் என்று கணக்காக ஊற்றியும் பலன் இல்லை என்கிறார்கள் சிலர். விசாரித்தால் சோப்புக் கரைசல் சேர்த்திருக்க மாட்டார்கள். எண்ணெய் மேலே மிதந்து, முதல் டேங்கில் வெறும் தண்ணீரும் கடைசியில் வெறும் எண்ணெயுமாகப் போயிருக்கும். எண்ணெய் விழுந்த செடி கருகும். மற்றச் செடியில் பூச்சி அப்படியே இருக்கும். முதலில் எண்ணெயோடு சோப்புக் கரைசலைக் கலந்து, பால் மாதிரி ஆன பிறகு தண்ணீர் சேர்த்துத் தெளியுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு தெளிப்பது நல்லது.

விதைக்கு வைக்கிற பயறு, துவரைக்கும் எண்ணெய் காவல். 1 கிலோ பயறுக்கு 5 முதல் 10 மில்லி எண்ணெய் விட்டுக் கையால் நன்றாகப் புரட்டி வைத்தால், வண்டு முட்டை வைப்பது குறையும். வைத்த முட்டையும் மூச்சுக்குக் காற்றில்லாமல் செத்துப் போகும். செலவு மிகக் கொஞ்சம்.

செக்கில் என்ன நடக்கிறது?

இப்போது கணக்குக்கு வருவோம். 100 கிலோ கடலைக்காயை உடைத்தால் ஏறக்குறைய 70 கிலோ பருப்புத் தேறும். அதில் உள்ள எண்ணெய் 33 கிலோ அளவு. செக்கில் ஆட்டினால் கையில் கிடைப்பது 28 கிலோ, அதாவது ஏறக்குறைய 30 லிட்டர். மீதி எண்ணெய் பிண்ணாக்கில் தங்கிவிடும். செக்குப் பிண்ணாக்கில் 100-க்கு 10 பங்குக்கு மேல் எண்ணெய் தங்குகிறது. எக்ஸ்பெல்லர் இயந்திரம் அதைவிட நன்றாகப் பிழியும். அதில் 6 முதல் 8 பங்கு தங்கும். பெரிய ஆலைகளில் ஹெக்சேன் என்ற திரவத்தை ஊற்றிக் கரைத்து எடுக்கிறார்கள்; அங்கே 1 பங்கு தங்கினாலே அதிகம்.

ஆலை எண்ணெயைச் சுத்திகரித்து நிறம், மணம், கசடு எல்லாம் நீக்கி விற்கிறார்கள். செக்கு எண்ணெயில் அப்படி எதுவும் செய்வதில்லை. மணமும் ருசியும் நிற்பது அதனால்தான். இப்போது ஊருக்கு ஊர், நகரத்தில் தெருவுக்குத் தெரு, மரச்செக்கு என்று பலகை தொங்குகிறது. நல்லதுதான். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. செக்கு எதையும் நீக்காது. உள்ளே போட்ட கடலை நல்லதாக இருந்தால் எண்ணெய் நல்லது. கடலை கெட்டதாக இருந்தால் கெட்டதும் எண்ணெயோடு வந்து சேரும்.

இதற்காகத்தான் அந்த இரண்டு குவியலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேன்.

இரண்டாவது குவியல்

ஒரு குவியலில் நல்ல திரட்சியான காய். “இது வியாபாரிக்கு” என்றார் அந்தப் பையனின் அப்பா. இன்னொரு குவியலில் சூம்பினது, கறுத்தது, மண்வெட்டி பட்டு உடைந்தது, செடியோடு வராமல் மண்ணிலேயே நின்று பிறகு கொத்திப் பொறுக்கியது எல்லாம் கிடந்தன. “இது என்ன அண்ணே?” என்று கேட்டேன். “இது வீட்டுக்கு சார். வியாபாரி கழிச்சுடுவான். நாமளே செக்குல குடுத்து எண்ணெய் ஆட்டிக்குவோம். பிண்ணாக்கு மாட்டுக்கு ஆகும்” என்றார்.

அந்தக் குவியலிலிருந்து பத்துக் காய் எடுத்து உடைத்தேன். மூன்று காயில் பருப்பின் மேல் மஞ்சளும் பச்சையும் கலந்த பொடி படிந்திருந்தது. பூசணம். பையனிடம் காட்டினேன். “சார், இது பாசியா?” என்றான். “பாசி இல்லடா தம்பி. உன் வீட்டு எண்ணெயில கலக்கப் போற விஷம்” என்றேன். அவன் அம்மா காய் ஆய்வதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

இந்தப் பூசணத்துக்கு ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்று பெயர். மண்ணில் எங்கும் இருப்பது. கடலையில் ஈரமும் சூடும் சேர்ந்தால் வளர்ந்து அப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். இந்த நஞ்சு உலகத்துக்குத் தெரிய வந்ததே கடலையால்தான். 1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப் பார்த்தபோது, பிரேசில் நாட்டிலிருந்து வந்த பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தீனியில் கலந்தது தெரிந்தது. நம் நாட்டில் 1974-இல் குஜராத், ராஜஸ்தான் எல்லைப் பகுதிக் கிராமங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் ஈரல் கெட்டு இறந்தார்கள். அங்கேயும் இதே நஞ்சுதான்.

இப்படி ஒரே அடியாகக் கொல்வது அபூர்வம். கொஞ்சம் கொஞ்சமாக ஆண்டுக் கணக்கில் உள்ளே போவதுதான் நாம் அஞ்ச வேண்டியது. இது ஈரலைக் கெடுக்கும்; ஈரலில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நஞ்சு என்று உறுதி செய்திருக்கிறார்கள். நிறம், மணம், ருசியை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. சமையல் சூட்டில் முழுவதும் அழியாது.

கடலையை ஆட்டும்போது இந்த நஞ்சில் பெரும்பங்கு பிண்ணாக்கோடு போய்விடுகிறது. ஒரு பங்கு எண்ணெயில் வருகிறது. அதிலும் அடியில் தங்குகிற மண்டியில் அதிகம். ஆலையில் சுத்திகரிக்கும்போது காரம் சேர்ப்பதால் எண்ணெயில் உள்ளது நீங்கிவிடும். வீட்டுக்கு ஆட்டுகிற செக்கு எண்ணெயில் அந்த வேலை நடப்பதில்லை. பிண்ணாக்கில் போன நஞ்சு மாட்டுக்குப் போகிறது. கறவை மாடு தின்றால் அதில் ஒரு பகுதி வேறு உருவத்தில் பாலில் வருகிறது. பாலைக் காய்ச்சினாலும் போகாது. அந்தப் பாலைக் குடிப்பது யார்? நம் வீட்டுக் குழந்தை.

ஆக, நல்ல கடலையை ஊருக்கு விற்றுவிட்டு, கழிந்த கடலையின் எண்ணெயையும் பாலையும் நாம் சாப்பிடுகிறோம். “வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு” என்று பெரியவர்கள் சொன்னது நல்ல எண்ணெய் சாப்பிட்டால் வைத்தியச் செலவு இல்லை என்பதற்காக. கெட்ட கடலையை வாணியனுக்குக் கொடுத்தால், அப்புறம் வைத்தியனுக்கும் கொடுக்க வேண்டி வரும்.

என்ன செய்ய வேண்டும்?

அதிகச் செலவு எதுவும் இல்லை. கவனம்தான் வேண்டும். வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று. விதைக்கும்போதே தொடங்குங்கள். 1 கிலோ விதைப் பருப்புக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதையுங்கள். மண்ணில் உள்ள கெட்ட பூசணத்தை இந்த நல்ல பூசணம் அடக்கும்.

இரண்டு. இறவைக் கடலைக்கு 40 முதல் 45 நாளுக்குள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணையுங்கள். கடலையில் ஓர் அதிசயம் உண்டு. காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து வேர் வழியாகக் காய்க்கு வந்து சேருவதில்லை. விழுதும் பிஞ்சும் மண்ணிலிருந்து நேராக எடுத்துக்கொள்கின்றன. அதனால் செடியின் பக்கத்திலேயே இட வேண்டும். ஜிப்சத்தில் இருக்கிற கந்தகம் எண்ணெய்ப் பிடிப்புக்கு நல்லது. சுண்ணாம்புச் சத்து ஓட்டைக் கெட்டியாக்கும், பொக்குக் காய் குறையும். ஓடு கெட்டியாக இருந்தால் பூசணம் உள்ளே நுழைவதும் கடினம். அதற்கு மேல் மண்ணைக் கிளறாதீர்கள், விழுது அறுந்துவிடும்.

மூன்று. கடைசி ஒரு மாதம் பயிரை வாட விடாதீர்கள். காய் முற்றுகிற நேரத்தில் மண் காய்ந்து சூடேறினால் பூசணம் மண்ணிலேயே காய்க்குள் புகுந்துவிடும். மானாவாரியில் மழை நம் கையில் இல்லை. ஆனால் கிணறு இருக்கிறவர்கள் அந்த நேரத்தில் ஒரு தண்ணீர் கூடக் கொடுத்தால் வீண் போகாது.

நான்கு. முற்றினதும் காலம் தாழ்த்தாமல் பிடுங்குங்கள். நாலைந்து செடியைப் பிடுங்கிக் காயை உடைத்துப் பாருங்கள். ஓட்டின் உட்புறம் வெள்ளையாக இருந்தால் இளசு. பழுப்பும் கறுப்புமாக ஓடியிருந்தால் முற்றியது. நூற்றுக்கு 75 காய் அப்படி இருந்தால் அறுவடைக்குத் தயார். இளசில் பிடுங்கினால் எண்ணெய் குறையும், நாள் கடந்தால் காய் மண்ணில் நின்றுவிடும்.

ஐந்து. இதுதான் மிக முக்கியம். ஆய்ந்த காயை அம்பாரமாகக் குவித்து வைக்காதீர்கள். பிடுங்குகிற காயில் நூற்றுக்கு 35 முதல் 50 பங்கு வரை ஈரம் இருக்கிறது. குவித்து வைத்தால் உள்ளே புழுங்கிச் சூடேறும். ஒரே இரவு போதும் பூசணத்துக்கு. அன்றன்றைக்கே மெல்லிசாகப் பரப்பி, அடிக்கடி கிளறி, நாலைந்து நாள் வெயிலில் காய வையுங்கள். பனியும் மழையும் படாமல் இரவில் தார்ப்பாய் கொண்டு மூடுங்கள். காலையில் மறக்காமல் திறந்துவிடுங்கள். விதைக்கு வைக்கிற காயை மட்டும் உச்சி வெயிலில் சிமெண்டுக் களத்தில் போடாதீர்கள், முளைப்பு கெடும். “எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை என்னத்துக்குக் காயுது” என்று கேலியாகச் சொல்வோம். கடலையும் எண்ணெய்க்காகத்தான் காய வேண்டும். நன்றாகவே காய வேண்டும்.

எவ்வளவு காய வேண்டும்? ஈரம் நூற்றுக்கு 8 பங்குக்கு இறங்க வேண்டும். கருவி இல்லாதவர்களுக்கு மூன்று சோதனை சொல்கிறேன். காயைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே பருப்புக் கலகலக்க வேண்டும். பருப்பை விரலில் தேய்த்தால் தோல் உரிய வேண்டும். ஒரு கூடைக் காயைத் தினமும் எடை போட்டால், நேற்றைய எடையும் இன்றைய எடையும் ஒன்றாக நிற்க வேண்டும். மூன்றாவதுதான் நம்பிக்கையான சோதனை.

ஆறு. கையால் உடைக்கிறவர்கள் ஓடு மெதுவாகட்டும் என்று தண்ணீர் தெளிப்பது உண்டு. எடை கூடட்டும் என்று தெளிப்பவர்களும் இருக்கிறார்கள். பட்ட பாடெல்லாம் அந்த ஒரு சொம்புத் தண்ணீரில் வீணாகிவிடும். காய்ந்த கடலைக்குத் தண்ணீர் காட்டாதீர்கள்.

ஏழு. காய்ந்ததைச் சுத்தமான சாக்கில் கட்டி, தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரில் ஒட்டாமல் அடுக்குங்கள். ஆட்டிய எண்ணெயைத் தெளிய வைத்து, மண்டியை நீக்கிவிட்டு, வாய் மூடிய பாத்திரத்தில் இருட்டான இடத்தில் வையுங்கள். காற்றும் வெளிச்சமும் எண்ணெயைக் காற வைக்கும். செம்பு, பித்தளைப் பாத்திரம் எண்ணெய்க்கு ஆகாது, காறுவதைத் துரிதப்படுத்தும்.

எட்டு. சூம்பினது, உடைந்தது, நிறம் மாறினது, பூசணம் பிடித்தது, கொத்திப் பொறுக்கியது இவற்றை நல்ல காயோடு கலக்காதீர்கள். கொத்திப் பொறுக்கியதைத் தனியாகக் காய வைத்து, உடைத்து, ஒவ்வொரு பருப்பாகப் பார்த்து நல்லதை மட்டும் எடுங்கள். பூசணம் பட்டதை ஆட்டவும் வேண்டாம், மாட்டுக்கும் கோழிக்கும் போடவும் வேண்டாம். குழி வெட்டிப் போட்டு மூடிவிடுங்கள். இன்னொன்று, ஆமணக்குப் பிண்ணாக்கை மாட்டுக்குக் காட்டவே கூடாது. அதில் வேறொரு கொடிய நஞ்சு இருக்கிறது. அது நிலத்துக்கு நல்ல எரு, அவ்வளவுதான்.

“கழிச்சா நஷ்டம் ஆகுமே சார்” என்றுதான் அந்த அண்ணனும் கேட்டார். கணக்குப் போட்டோம். 100 கிலோ காயில் 3 கிலோ கழிவு என்றே வைத்துக்கொள்வோம். அந்த 3 கிலோவில் செக்கு எண்ணெய் 1 லிட்டர்கூடத் தேறாது; அதுவும் நல்ல காயாக இருந்தால். அந்த ஒரு லிட்டருக்காக மீதி 29 லிட்டரிலும் விஷம் கலப்பதா? அவர் பேசாமல் இருந்தார். அவர் மனைவிதான் எழுந்து போய் ஒரு முறத்தைக் கொண்டுவந்து அந்த இரண்டாவது குவியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “வீட்டுக்குன்னா நல்லதைத்தான் முதல்ல எடுக்கணும்” என்று அவர் சொன்னது எனக்கும் பாடமாக இருந்தது.

உழவர் பெருமக்களே, நம் நாட்டில் புழங்குகிற சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. சொந்த நிலத்தில் விளைந்து, பக்கத்துச் செக்கில் ஆட்டிய எண்ணெயைச் சாப்பிடுகிற பாக்கியம் உங்களுக்கு இருக்கிறது. அதைச் சுத்தமாகச் சாப்பிடுங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வேலை. வரும் அறுவடையில் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் களத்தில் இருந்து பத்துக் காயை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். ஒரு கூடையை எடை போட்டு நோட்டில் எழுதி வையுங்கள். எடை நிற்கிற அன்றைக்கு, “அப்பா, காய் காய்ந்துவிட்டது, இனி மூட்டை கட்டலாம்” என்று நீங்கள் சொல்லுங்கள். அதுவரைக்கும் கட்ட விடாதீர்கள்.